தாழம்பூ அத்தர்: முகம் சுளித்த மணம் பழகிய வரலாறு

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், பாட்டனாரின் தொப்பிக்கும் தஸ்பீஹ் மணிக்கும் நடுவே, சுண்டுவிரல் அளவுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்று நெடுங்காலமாகக் கிடந்தது. அதில் கால் பங்கு அத்தர் மிச்சமிருந்தது. மூடியைத் திருகினால் போதும். அறை முழுவதும் தாழம்பூ மணம் பரவிவிடும். பரவியதும் நாங்கள் சன்னலைத் திறப்போம். மருத்துவமனை வாடை என்பார் ஒருவர். பழைய ஜர்தாப் பொட்டலம் என்பார் இன்னொருவர். பிள்ளைகளோ ‘நன்னா வாசனை’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். புகழ்ந்து வைத்த பெயரன்று அது.

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஏதேனும் ஒரு பள்ளிவாசல் வாயிலில் நின்றால், அத்தர் மணத்தைக் கொண்டே ஆளின் வயதைச் சொல்லிவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. இளைஞர்களிடம் வளைகுடாவிலிருந்து வந்த ஊது, நடுவயதினரிடம் மஜ்மூஆ, ரோஜாவும் மல்லிகையும் எல்லாரிடமும். தாழம்பூ மட்டும் எழுபதைக் கடந்த பெரியவர்களோடு நின்றுவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மஜ்மூஆ என்பது கலவை அத்தர். வெட்டிவேர், மண் அத்தர், கடம்பு ஆகியவற்றோடு தாழம்பூவும் அதில் சேர்வது வழக்கம். தாழம்பூ பிடிக்காது என்போரில் சிலர் அதைப் பூசிக்கொண்டேதான் அப்படிச் சொல்கிறார்கள்.

அந்தக் குப்பியோடு எங்களுக்கு உடன்பாடு ஏற்பட ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அந்தப் பூ எந்த மண்ணில் வளர்கிறது, அதை யார் காய்ச்சுகிறார்கள், இத்தனை அத்தர்கள் இருக்கப் பாட்டனார் ஏன் இதையே கேட்டு வாங்கினார் என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்த ஓராண்டு அது. அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

தாழை கடலோரத்துச் செடி. உப்புக்காற்றைத் தாங்கும், மணலில் விழுதூன்றி நிற்கும், ஓரமெங்கும் முள் வைத்த நீண்ட இலைகளோடு புதராக அடரும். அலை அரிக்கும் கரையில் மணலைப் பிடித்து வைக்கும் வேலையையும் அது செய்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் அன்னாசியைப் போன்ற காய் காய்க்கும். நாம் தாழம்பூ என்று சொல்வது ஆண் செடியின் பூங்கொத்தும் அதை மூடியிருக்கும் வெளிறிய மஞ்சள் மடல்களுமே. மணம் அதில்தான். முள்ளுக்கு நடுவே கைவிட்டுத்தான் அதைப் பறிக்க வேண்டும். தாழம்புதரில் பாம்பு குடியிருக்கும் என்று பெரியவர்கள் அச்சுறுத்துவதும் சேர்ந்துகொள்ள, தொடக்கம் முதலே இது எளிதில் கைக்கு எட்டாத பூவாக இருந்திருக்கிறது.

சங்கப் புலவர்கள் இதை நெய்தல் நிலத்துப் பூவாக நன்கு அறிந்திருந்தார்கள். கைதை என்றொரு பெயரும் அக்காலத்தில் இதற்கு உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட மலர்ப் பட்டியலில் கைதையும் இடம்பெற்றுள்ளது. மலையாளத்தில் இன்றும் கைதை ‘கைத’ என்றே வழங்குகிறது. கடலுக்கு அப்பால் யமனிலும் சவூதி அரேபியாவின் ஜாஸான் பகுதியிலும் இதே செடி வளர்கிறது. அங்கே அதன் பெயர் ‘காதீ’. ஜாஸானின் ஆடவர்கள் நறுமண மலர்களைத் தலையில் மாலையாகச் சூடும் வழக்கமுடையவர்கள். காதீயும் அவர்கள் போற்றும் மணம். கைதை, கைத, காதீ என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். நம் மரக்கலங்கள் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த கடல் காதில் விழும்.

தென்சென்னைக்கும் இந்தப் பூவுக்கும் உள்ள உறவை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாவலூருக்கு மேற்கே தாழம்பூர் என்றொரு ஊர் இருக்கிறது. பெயரிலேயே தாழை இருக்கிறது. இன்று அங்கே கண்ணில் படுபவை அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கல்லூரிப் பேருந்துகளும்தான். அதற்கும் கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழியைத் தாண்டினால் கோவளம். ஆர்க்காட்டு நவாப்கள் 18ஆம் நூற்றாண்டில் அங்கே ‘சஆதத் பந்தர்’ என்ற துறைமுகத்தை அமைத்தார்கள். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அறியப்படும் தர்காவும் அங்கேதான் உள்ளது. எங்கள் வீட்டு மூத்த பெண்கள் மாட்டுவண்டியில் கோவளம் சென்று திரும்பும்போது தாழம்பூ மடல்களை வாங்கி வந்து, பெருநாள் சேலைகளுக்கு இடையில் வைத்துப் பெட்டியைப் பூட்டுவார்களாம். பூ சருகான பின்னும் மாதக்கணக்கில் மணம் துணியில் நிற்கும்.

சைவ மரபில் சிவன் கோயில் பூசைக்குத் தாழம்பூ ஆகாது என்பார்கள். ஆனால் அதே வீட்டுப் பெண்கள் சடையில் தாழம்பூ மடலை மடித்துத் தைத்து அழகு பார்ப்பார்கள். அண்டை வீட்டாருக்கும் இந்தப் பூவிடம் ஓர் ஒதுக்கமும் ஓர் ஆசையும் ஒருசேர இருந்திருக்கின்றன. எங்களுக்கும் அப்படித்தான் வாய்த்தது.

பூவிலிருந்து குப்பிக்கு வருவோம். நம் நாட்டில் தாழம்பூ அத்தரின் பெரும்பகுதி ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டக் கடற்கரையில் காய்ச்சப்படுகிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஒடிசா என்றதும் எங்கோ வடக்கே என்று நினைத்துவிட வேண்டாம். 1936 ஏப்ரல் 1ஆம் நாள் ஒடிசா தனி மாகாணமாகும் வரை கஞ்சாம் நம் சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டமாகவே இருந்தது. பாட்டனார் பிறந்த காலத்தில் அவரும் அந்தப் பூவும் ஒரே மாகாணத்தவர்கள். இன்றும் ஹவுராவுக்குச் செல்லும் ரயில் சத்திரப்பூர், பிரம்மபூர் வழியாக அந்தத் தாழங்காடுகளின் பக்கத்தில்தான் போகிறது.

காய்ச்சும் முறை எளிமையானது. ஆனால் பொறுமையைக் கேட்பது. விடியற்காலையில் பறித்த பூக்களை அன்றைக்கே உலைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரம் கடந்தால் மணம் காற்றோடு போய்விடும். ஆகவேதான் உலைகள் பூக்காடுகளுக்கு அருகிலேயே அமைந்திருக்கின்றன. ‘டேக்’ எனப்படும் பெரிய செப்பு அண்டாவில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணும் துணியும் கொண்டு அடைத்து, விறகுத் தீயில் மெல்லச் சூடேற்றுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே ‘பப்கா’ என்ற இன்னொரு செப்புக் கலத்துக்குச் செல்லும். அந்தக் கலம் குளிர்ந்த நீரில் அமிழ்ந்திருக்கும். அதற்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். ஆவி குளிர்ந்து நீராக, பூவின் மணத்தைச் சந்தனம் குடித்துக்கொள்ளும். பிறகு நீரை வடித்துவிட்டு, மறுநாள் புதுப் பூக்களோடு மீண்டும் அதே சந்தனம். இப்படிப் பல நாள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி அத்தர்க்காரர்கள் வழிவழியாகக் காத்துவரும் முறை இது.

சந்தனம் கலக்காமல் பூவின் எண்ணெயை மட்டும் எடுத்தால் அது ‘ரூஹ்’. உயிர் என்று பொருள்படும் அந்த அரபுச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் எவராயினும், காய்ச்சுகிறவரின் கண்கொண்டு பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். எஞ்சிய மணநீர்தான் நம் சமையலறைக்கு வரும் கேவ்ரா நீர்.

அத்தர் என்ற சொல்லே ‘இத்ர்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணங்களைக் காய்ச்சி வடிப்பது பற்றி நூறுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட தனி நூலையே எழுதினார். மாண்டுவின் சுல்தான் கியாஸுத்தீன் ஷாவுக்காக 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகத் தொடங்கிய ‘நிஅமத்நாமா’ என்ற நூலில் சமையல் குறிப்புகளும் நறுமணக் குறிப்புகளும் ஒன்றாகவே வருகின்றன. அவர்களுக்கு அடுப்பங்கரையும் அத்தர் அலமாரியும் இரண்டு உலகங்களாக இருக்கவில்லை. பிரியாணிச் சட்டியில் கேவ்ரா நீர் தெளிக்கும் நம் பெண்களுக்கும் அப்படித்தான்.

அக்பரின் அரண்மனையில் நறுமணங்களுக்கென்றே தனி அலுவலகம் இருந்தது. ஐனே அக்பரியில் அபுல் ஃபஸ்ல் அதைப் பற்றி விரிவாக எழுதும்போது கேத்கி, கேவ்ரா இரண்டையும் தனித்தனியே விவரிக்கிறார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் இன்னொரு செய்தியைப் பதிவு செய்கிறார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் ரோஜா நீர் தயாரித்துக்கொண்டிருந்தபோது, சூடான நீரின் மேல் மிதந்த ஆடையைக் கவனித்துத் திரட்டினார். ரோஜா அத்தர் அப்படித்தான் கிடைத்ததாம். அதற்கு மன்னரின் பெயரைச் சூட்டியவர் ஸலீமா சுல்தான் பேகம். அரசர்களின் பெயரால் வழங்கும் இந்த வரலாற்றில் கண்டுபிடித்ததும் பெயரிட்டதும் பெண்கள் என்பதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

இத்தனை பெருமையுள்ள மணம் ஏன் எங்களுக்கு ஒவ்வாமல் போயிற்று?

ஒரு காரணம் அந்த எண்ணெயின் உள்ளே இருக்கிறது. தாழம்பூ எண்ணெயின் பெரும்பங்கு பெனில் எதில் மெதில் ஈதர் என்ற பொருள். பூவின் இனிப்பும் தேன்மணமும் விசிறியடிக்கும் வேகமும் அதிலிருந்தே வருகின்றன. அதற்கு அடுத்து இருப்பது டெர்பினென்-4-ஆல். இதே பொருள்தான் புண்ணுக்கும் பருவுக்கும் தடவும் ஆஸ்திரேலிய ‘டீ ட்ரீ’ எண்ணெயில் முதன்மையானது. மருத்துவமனை வாடை என்று எங்கள் வீட்டில் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. அவர் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ரோஜா முதல் நொடியிலேயே நம்மை வரவேற்கும். தாழம்பூ வாசலில் நிறுத்தி மருந்து நெடியைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடும்.

இன்னொரு காரணம் கடைத்தெருவில் இருக்கிறது. ஈதர் மணத்தைத் தொழிற்சாலையிலேயே மலிவாகச் செய்துவிடலாம். பிரியாணிக் கடைகளில் மூடியைத் திறந்ததும் முகத்தில் அறையும் ‘கேவ்ரா எசன்ஸ்’ பெரும்பாலும் அதுதான். சந்தன எண்ணெயின் விலை ஏறிய பிறகு, அதற்குப் பதிலாகத் திரவப் பாரஃபின் போன்ற மணமற்ற எண்ணெய்களில் பூவை வடிப்பதும் பெருகிவிட்டது. அவற்றில் பூவுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கச் சந்தனம் இல்லை. இதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. கேவ்ரா மணத்தைப் பெருமளவில் வாங்கிக்கொண்டது ஜர்தாவும் பான் மசாலாவும் குட்காவும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் ரயில் நிலையச் சுவர்களில் காய்ந்த எச்சிலோடு அந்த மணத்தைச் சேர்த்துப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, அது ஓர் அரண்மனை மலரென்று எப்படித் தெரியும்?

மூன்றாவது காரணம் எங்களுடையது. பாட்டனார் மவுத்தானபோது நாங்கள் சிறுவர்கள். குளிப்பாட்டிய நீரில் கற்பூரம் கலந்திருந்தது. கஃபன் துணியில் அவருடைய சொந்தக் குப்பியிலிருந்தே அத்தர் தடவினார்கள். வீடு முழுவதும் தாழம்பூ மணத்தது. சந்தூக்கு வாசலைத் தாண்டிய பிறகும் அந்த மணம் கூடத்திலேயே நின்றது. அதன்பின் பல ஆண்டுகள், அந்த மணம் எங்கு எழுந்தாலும் அந்தக் காலைப்பொழுது திரும்பி வந்துவிடும். சன்னலை நாங்கள் திறந்ததற்கு வாடை மட்டும் காரணமில்லை.

பாட்டனார் தோல் பதனிடும் தொழிலாளி. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து பல்லாவரத்தை அடுத்த நாகல்கேணியில் சேர்ந்தவர். தென்சென்னைப் புறநகரின் வரலாற்றில் தோலுக்கு உள்ள இடத்தை நாம் மறந்துவிட்டோம். குரோம்பேட்டை என்ற பெயரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த குரோம் தோல் ஆலையிலிருந்து வந்தது. அடையாறில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குத் தெற்கே சானடோரியமோ, 1928இல் டாக்டர் சவரி முத்து காசநோயாளிகளுக்காகத் தூய காற்றுள்ள இடமென்று தேர்ந்து மருத்துவமனை அமைத்த இடம். நல்ல காற்றுக்குப் பேர்போன ஊரும் தோல்வாடைக்குப் பேர்போன ஊரும் ஒரே மின்ரயில் பாதையில் சில நிலையங்கள் தள்ளி இருந்தன. 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது முதல் இரண்டையும் கடந்துதான் நம் மக்கள் வேலைக்குப் போனார்கள்.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பச்சைத் தோலின் வாடை எத்தகையது என்று அதைச் சுமந்தவர் வீட்டாருக்குத் தெரியும். சோப்புக்கு அது போகாது. நகக்கண்ணிலும் தலைமயிரிலும் குடியிருக்கும். அத்தாவின் மூத்த சகோதரியான மாமி, இப்போது எண்பதைத் தொட்டவர், ஒருநாள் அந்தக் குப்பியைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டுச் சொன்னார்: “ரோஜா அத்தரெல்லாம் நன்னாவுக்கு ஆகாதுப்பா. தோல் வாடைக்கு முன்னாடி ஒரு நாழி நிக்காது. தாழம்பூதான் நிக்கும். அது கிடைக்குற வரைக்கும் ஜும்ஆவுக்குப் போனா கடைசி சஃப்புலதான் நிப்பாரு, செருப்பு விடுற இடத்துகிட்ட.”

எங்களுக்கு அதுவரை தெரியாத செய்தி இது. பூண்டோ வெங்காயமோ பச்சையாக உண்டவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸை நாம் அறிவோம். உண்பது ஒருவர் விருப்பம், விட்டுவிடலாம். வயிற்றுப் பிழைப்பால் உடலில் ஏறிய வாடையை என்ன செய்வது? பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்று அவர் தாமாகவே பின்னால் போய் நின்றிருக்கிறார். பிறகு திருவல்லிக்கேணியில் ஓர் அத்தர் கடைக்காரர் தாழம்பூவைக் காட்டியிருக்கிறார். அடுத்த வெள்ளியன்று முன்னால் வந்து நின்றாராம்.

வெள்ளிக்கிழமைக் குளிப்பு எப்படித் தொடங்கிற்று என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம். மதீனாவின் புறநகரான அவாலிப் பகுதியிலிருந்து மக்கள் புழுதியோடும் வியர்வையோடும் ஜும்ஆவுக்கு வருவார்கள். அப்படி ஒருவர் வந்தபோது, இந்த நாளுக்காக நீங்கள் தூய்மை செய்துகொள்ளலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். உழைத்துவிட்டு ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் வியர்வையில் தொடங்குகிறது அந்தச் சுன்னத். நறுமணம் கொடுத்தால் நபியவர்கள் மறுப்பதில்லை என்பதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸ்களை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். நாகல்கேணித் தோல் தொட்டியின் பக்கத்தில் வைத்து ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

தோல்வாடை நறுமணத்தைத் தேட வைத்தது பாட்டனாரை மட்டுமன்று. இன்று உலக வாசனைத் திரவியங்களின் தலைநகர் என்று பெயர் பெற்ற பிரான்சின் கிராஸ் நகரம் முதலில் தோல் பதனிடும் ஊராகத்தான் இருந்தது. தோல் கையுறைகளின் நாற்றத்தை மறைக்க அவற்றுக்கு மணமூட்டத் தொடங்கினார்கள். காலப்போக்கில் தோல் போய் மணம் மட்டும் நின்றுவிட்டது. நம் பல்லாவரத்திலும் தோலும் அத்தரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. அது ஒரு தொழிலாளியின் சட்டைப்பையோடு முடிந்துவிட்டது.

மாமி சொன்னதற்குப் பிறகு குப்பியைத் திறக்கும் விதம் மாறியது. ஆனால் மூக்கு உடனே மாறிவிடவில்லை. உள்ளம் கசிந்ததாலேயே ஒரு மணம் பிடித்துவிடும் என்றால் அது பொய். முதலில் மணிக்கட்டில் ஒரு தொடுதல் வைத்துப் பார்த்தோம். அரைமணி நேரம் தலைவலிதான் மிச்சம். பிறகுதான் நாங்கள் செய்த தவறு புரிந்தது. இந்தக் கால வாசனைத் திரவியத்தைப் போல இதையும் பூசிய நொடியிலேயே முகர்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். சிறு பஞ்சில் குச்சி முனையால் தொட்டு, பெரியவர்களைப் போலக் காதுமடலில் செருகிக்கொண்டு, மறந்துவிட்டு வேலையைப் பார்த்தோம். மருந்து நெடி கால்மணியில் இறங்கியது. அதன்பின் பச்சை இலையைக் கசக்கியது போன்ற ஒரு குளிர்ச்சி, பழுத்த அன்னாசி, லேசான தேன். அஸருக்குப் பின் சட்டையில் எஞ்சியது சந்தனம் மட்டுமே.

ஆடி மாதத்தில் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு பூக்காரரிடம் புது மடல்கள் இரண்டைக் கண்டு வாங்கினோம். பையோடு வீட்டுக்கு வருவதற்குள் கையெல்லாம் மணத்தது. மழைக்கு முந்தைய காற்றில் முகர்ந்தபோதுதான், குப்பியில் இருப்பது எதன் நிழல் என்று தெரிந்தது. புதுப் பூவில் மருந்து நெடி இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது ஈரத்தோடும் பச்சையோடும் கலந்து நிற்கிறது, தனியாக உறுத்தவில்லை. மடல்களை மாமியின் சேலைகளுக்கு நடுவே வைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தாமே பூட்டினார்.

மருந்து என்று நாங்கள் முகம் சுளித்தது உண்மையிலேயே மருந்தும்தான். சித்த மருத்துவத்தில் உடற்சூட்டைத் தணிக்கத் தாழம்பூ மணப்பாகு கொடுப்பது வழக்கம். 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எங்கள் சானடோரியத்திலேயே இருக்கிறது. அதன் வாசலை எத்தனை முறை கடந்திருப்போம்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தர் என்பதற்காக அள்ளிப் பூசிக்கொள்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. குளிர்சாதனம் பூட்டிய சிறிய பள்ளியில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசையில், அளவுக்கு மிஞ்சிய தாழம்பூவும் அடுத்தவருக்குத் துன்பம்தான். பாட்டனார் அதைப் பூசியது யாரையும் வருத்தக்கூடாது என்பதற்காக. நமக்குத் தோல்வாடை இல்லை. ஒரு துளியில் பாதி போதும். பிள்ளைகள் இன்னும் சன்னலைத் திறக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை. எங்களுக்கே இத்தனை காலம் ஆயிற்றே.

குப்பியில் இருந்த கால் பங்கு ரமளானுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. மின்ரயிலில் எழும்பூர் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் திருவல்லிக்கேணிக்குப் போனோம். பழைய அத்தர் கடைகளில் ஒன்றில், சந்தனத்தில் வடித்த தாழம்பூ இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டில் பின்வரிசையில் இருந்த ஒரு சீசாவை எடுத்தார். மூடியில் தூசி படிந்திருந்தது. புறங்கையில் ஒரு தொடுதல் வைத்துவிட்டு, “பெரியவர் யாருக்காவது வாங்குறீங்களா?” என்றார்.

எங்களுக்குத்தான் என்றோம்.